கைவேலைக்கு ஒரு நிரை

ஜெனாட்டுக்கு எந்தச் சாமானையும் தனியாகப் பார்க்கத் தெரியாது. பக்கத்தில் இன்னொன்றை வைத்துத்தான் பார்ப்பான். மொன்றியலின் ஜோன்-தலோன் சந்தைக்குத் தக்காளி வாங்கப் போனால் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்து, எல்லாக் கடையிலும் விலை விசாரித்து, கடைசியில் முதல் கடைக்கே திரும்பி வருவான். தேவாலயத்துக்குப் பூசைக்குப் போன இடத்தில் மெழுகுதிரி வாங்கினாலும் சின்னது எவ்வளவு நேரம் எரியும், பெரியது எவ்வளவு நேரம் எரியும் என்று மனதுக்குள் கணக்கு ஓடும். "உங்களோட கடைக்குப் போறதுக்கு நான் பட்டினி கிடப்பன்" என்பாள் மனைவி. கஞ்சன் என்று சொல்லமுடியாது. கேட்டவருக்குக் கொடுக்கிற கைதான். ஒப்பிட்டுப் பார்க்கிற பழக்கம், அவ்வளவுதான். அந்தப் பழக்கத்துக்கே சம்பளம் கொடுக்க ஓர் இடம் வாய்த்ததைத் தன்னுடைய அதிர்ஷ்டம் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தான்.

அந்த இடம் லொங்குய்யில் இருந்தது. மஞ்சள் வழித்தட மெத்ரோ ரயிலில் ஆற்றைக் கடந்து, இறங்கி, பஸ் பிடித்துப் போகவேண்டிய ஒரு சின்னத் தொழிற்கூடம். குளிரறைகளுக்குக் காவல் இருக்கிற பெட்டி செய்தார்கள். இறைச்சிக் கடையிலோ உணவகத்திலோ குளிரறையின் சூடு ஏறினால் பெட்டி உடனே கடைக்காரருக்குச் சொல்லும். முதலில் தொலைபேசி அடித்துச் சொன்னது. பிறகு எல்லோருக்கும் இன்டர்நெட் வேண்டியிருந்ததால், 2004இல் பெட்டிக்கு ஈதர்நெட் வைத்தார்கள், அதாவது கணினிக்குக் குத்துகிற அதே கேபிளை இதற்கும் குத்தலாம். அந்த மாற்றத்தைச் செய்தவன் ஜெனாட்.

படித்துப் பட்டம் வாங்கி வந்த பொறியியலாளன் இல்லை அவன். யாழ்ப்பாணத்துக் குருநகரில் பிறந்து, தொழில்நுட்பக் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டு, தொண்ணூற்றொன்றில் மொன்றியலுக்கு வந்து நான்கு வருடம் உணவகத்தில் கோப்பை கழுவியவன். கோப்பை கழுவின கையைப் பிடித்து லொங்குய்க்குக் கூட்டிப்போனது அக்னெஸ் அக்கா. உறவு ஒன்றும் இல்லை. அவர் மன்னார்ப் பக்கத்துப் பேசாலைக்காரி, தமிழ்ப் பூசையில் கண்ட பழக்கம். கணவனை இழந்தவர், இரண்டு பிள்ளைகளோடு மொன்றியல்-நோர் பகுதியில் மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருந்தார். "இந்தப் பெடியன் ரேடியோ திருத்துவான், எடுத்துப் பாருங்கோ" என்று உடைந்த பிரெஞ்சில் முதலாளியிடம் சொல்லி, தன் மேசைக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போடுவித்தார். நான்கு வருடம் அந்த மேசையில் ஈயம் உருக்கி ஒட்டுகிற சோல்டர் பிடித்தான் ஜெனாட். மாலையில் வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் எடுத்து, பிறகு கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம், பெட்டியை வடிவமைக்கிற அறைக்குப் போனான். போனவன் அக்காவை மறக்கவில்லை. இதைச் சொல்லாவிட்டால் மிச்சக் கதைக்கு அர்த்தமில்லை.

மேசையில் ஐந்து பெண்கள். அக்னெஸ் அக்காதான் தலை. யோசெப்பின், சிவநேசம் என்று இன்னும் இரண்டு தமிழர். ஹெய்ட்டிக்காரி ஒருத்தி, வியட்நாம்காரி ஒருத்தி. பெட்டிக்குள் போகிற சர்க்கிட் போர்டில் சாமான்களை ஒவ்வொன்றாக வைத்து, சோல்டர் பிடித்து, பூதக்கண்ணாடியில் பார்த்துத் தட்டில் அடுக்குவார்கள். தமிழர்கள் மூவரும் கதைத்தால் மற்ற இருவருக்கும் சிரிப்பு வரும். ரெசிஸ்டரின் அளவும் ஓம், ஆமாம் என்பதற்கும் யாழ்ப்பாணத்தில் ஓம். "இது அம்பது ஓமோ?" "ஓம்." "எத்தினை ஓம்?" "ஓம் எண்டுறனெல்லே!" என்று ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது நடக்கும்.

2005 இலையுதிர் காலத்தில் அந்த மேசை முதல்தடவையாக ஒன்று கேட்டது. சம்பளம் கூட்டச் சொல்லி அக்னெஸ் அக்கா ஐந்து பேருக்கும் சேர்த்து முதலாளியிடம் போனார். முதலாளி முசியே ஆந்த்ரே கெட்ட மனிதர் இல்லை. பிறந்தநாளுக்குக் கேக் வாங்கிக் கொடுப்பார், பனி கொட்டினால் எல்லோரையும் நேரத்துக்கு வீட்டுக்கு அனுப்புவார். ஆனால் அன்றைக்கு, பெட்டியின் செலவெல்லாம் சாமானில்தான் இருக்கிறது, மேசையில் நடப்பது சாமானை அதனதன் இடத்தில் வைக்கிற வேலைதானே என்று சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டார். அக்கா அதைச் சிரித்துக்கொண்டே வந்து ஜெனாட்டிடம் சொன்னார். "சாமானை இடத்தில வைக்கிறதாம் தம்பி. குசினியில தட்டு அடுக்கிற மாதிரி." அவர் சிரித்தார். ஜெனாட்டுக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலை அவன் அங்கேயே அணைத்திருக்கலாம். அணைக்கவில்லை.

அடுத்த வருடம் புதிய சிப் வந்தது. பழைய பெட்டியில் மைக்ரோகொன்ட்ரோலர் என்கிற மூளை ஒரு சிப், ஈதர்நெட்டுக்கு வேறொரு சிப், கேபிளுக்கு முன்னால் ஒரு சின்ன ட்ரான்ஸ்போர்மர், கேபிள் குத்துகிற சொக்கெட், இவற்றைச் சுற்றி எறும்பு மாதிரி ரெசிஸ்டர்களும் கபாசிற்றர்களும். புதியதில் மூளையும் ஈதர்நெட்டும் ஒரே சிப்புக்குள். சொக்கெட்டும் புதுமாதிரி, ட்ரான்ஸ்போர்மரை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு வந்தது. இரண்டும் அழகான சாமான், இரண்டும் விலை கூட. பழையபடியே போவதா, புதியதுக்கு மாறுவதா, ஒப்பிட்டுச் சொல் என்று முசியே ஆந்த்ரே கேட்டார். தேனில் விழுந்த ஈ மாதிரி ஆனான் ஜெனாட்.

இரண்டு கிழமை அவனைப் பிடிக்கமுடியவில்லை. ஒன்ராரியோவில் ஒரு விலை, அமெரிக்காவில் ஒரு விலை, ஆயிரம் எடுத்தால் ஒரு விலை, ஐயாயிரம் எடுத்தால் ஒரு விலை. எல்லாவற்றையும் கணினி அட்டவணையில் வரிக்கு ஒன்றாக நிரை நிரையாகப் போட்டான். முடிவு தெளிவாகவே வந்தது: சாமான் விலையில் பழைய பெட்டிதான் மலிவு, பெட்டிக்கு ஒரு டொலர் எண்பது சதம் குறைவு. அப்படியே கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் முசியே ஆந்த்ரே "மெர்சி, ஜெனாட்" என்று நன்றி சொல்லி வாங்கிவைத்துக்கொண்டு பழைய பெட்டியையே செய்யச் சொல்லியிருப்பார். கதை முடிந்தது.

ஆனால் அவன் அந்தக் கணக்குப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அரைச் சத ரெசிஸ்டருக்கு ஒரு நிரை இருந்தது. திருகாணிக்கு ஒரு நிரை இருந்தது. அக்னெஸ் அக்காவின் கைக்கு நிரை இல்லை. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை; மேசைச் சம்பளம் வாடகை, மின்சாரம், கழிப்பறைக் கடதாசியோடு சேர்த்துப் பொதுச் செலவில் கிடந்தது. சாமானை இடத்தில் வைக்கிற வேலையோ, இந்தா பார், என்று அவனுக்குள் ஒரு வீறாப்பு எழும்பியது. கடைசியில் ஒரு நிரை சேர்த்து "கைவேலை" என்று பெயர் வைத்தான். ஒரு பெட்டியில் அந்தப் பெண்களின் உழைப்பு எவ்வளவு என்று முதலாளி ஒருதடவையாவது கண்ணால் காணட்டும், பிறகு சம்பளக் கதையை எடுக்கலாம் என்பது அவன் எண்ணம். நல்ல எண்ணம்தான். அதைச் சொல்லிச் சொல்லித்தான் பிறகு தன்னைத்தானே வதைத்தான்.

மேசைச் சம்பளம் நிமிடத்துக்குப் பதினெட்டுச் சதம். எத்தனை நிமிடம் என்று அளக்கவேண்டும். மணிக்கூட்டோடு மேசைக்குப் போனான்.

"அக்கா, ஒரு போர்ட் செய்ய எவ்வளவு நேரம் எடுக்குது எண்டு பாக்கப்போறன். வடிவாச் செய்யுங்கோ" என்றான்.

அந்த ஒரு சொல்தான். வடிவா என்பது எங்கள் வாயில் உப்பு மாதிரி எதிலும் விழுகிற சொல். வடிவாச் சாப்பிடுங்கோ, வடிவாப் படுங்கோ, வடிவாப் போட்டு வாங்கோ. சொல்கிறவர் ஒன்றும் நினைத்துச் சொல்வதில்லை. வழமைபோலச் செய்யுங்கள், என்னைப் பார்த்துக் கூச்சப்படவேண்டாம் என்ற அர்த்தத்தில் அவன் சொன்னான். அக்னெஸ் அக்காவோ கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "பிள்ளையள், தம்பி எங்களைப் பற்றி மேல எழுதிக் குடுக்கப்போறார். அவரின்ர பேர் கெடாமல் வடிவாச் செய்யுங்கோ." மற்ற இருவருக்கும் அதைச் சைகையில் விளங்கப்படுத்தினார்.

செய்தார்கள். அப்படியொரு சோல்டரை அந்தத் தொழிற்கூடம் அதற்கு முன் கண்டிருக்காது. ஒவ்வொரு பொட்டும் முத்து மாதிரி. யோசெப்பின் ஒரு ட்ரான்ஸ்போர்மரை வைத்து, சரிவாக இருக்கிறதென்று கழற்றி, மறுபடியும் வைத்தாள். சிவநேசம் ஒவ்வொரு காலையும் துடைத்தாள். ஒரு போர்டுக்குப் பத்தொன்பது நிமிடம் வந்தது.

ஜெனாட்டுக்குத் தெரியும், அது பதினான்கு நிமிட வேலை. நான்கு வருடம் அதே மேசையில் இருந்தவனுக்குத் தெரியாதா? ஒரு கணம் யோசித்தான். இருக்கட்டும், கூட இருந்தால் நல்லதுதானே, உழைப்புப் பெரிதாகத் தெரியும் என்று பத்தொன்பதையே எழுதினான். புதிய மாதிரியில் ஒரு போர்ட்தான் கையில் இருந்தது. அதை அவனே, பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று அவசர அவசரமாகச் சோல்டர் பிடித்திருந்தான். அதற்கு ஆறு நிமிடம். அதையும் எழுதினான். தக்காளிக்குச் சந்தையை இரண்டுதரம் சுற்றுகிறவன், ஒருவர் ஆறுதலாகச் செய்ததையும் இன்னொருவர் ஓடி ஓடிச் செய்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, அது ஒப்பீடே இல்லை என்பதைக் கவனிக்காமல் விட்டான்.

இனிக் கணக்கு யாருக்கும் விளங்கும். சாமானில் பழையது ஒரு டொலர் எண்பது மலிவு. அது கைவேலையில் பத்து நிமிடம். பழைய பெட்டி புதியதைவிடப் பத்து நிமிடத்துக்கு மேல் கூட எடுத்தால் புதியது வெல்லும்; எடுக்காவிட்டால் பழையது வெல்லும். பதினான்கு என்று எழுதியிருந்தால் வித்தியாசம் எட்டு. அவன் எழுதியபடி பதின்மூன்று.

முசியே ஆந்த்ரே கணக்குப் பக்கத்தை மேலிருந்து கீழே வாசித்துக்கொண்டு வந்து, கடைசி நிரையில் நின்றார். விரலை அதன்மேல் வைத்தார். இதை ஏன் இவ்வளவு காலமும் ஒருவரும் எனக்குக் காட்டவில்லை என்று கேட்டார். ஜெனாட்டுக்கு நெஞ்சு நிறைந்தது. கண்டுகொண்டார், இனி அக்காவுக்கு விடிவுதான் என்று நினைத்தான். அந்தச் சந்தோசம் அரை நிமிடம் இருந்திருக்கும். புதிய போர்டில் சாமான் குறைவு, மெஷினுக்கே கொடுத்துவிடலாம், வெளியில் மெஷின் வைத்துச் செய்து கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், அந்த ஆறு நிமிடமும் மிச்சம் என்று முதலாளி அடுத்த வசனம் சொன்னார். "த்ரே பியான், ஜெனாட். த்ரே பியான்" என்று மெச்சித் தோளில் தட்டினார்.

ஜெனாட் தன் இடத்துக்குத் திரும்பினான். இரண்டு நாள் சாப்பாடு இறங்காமல் திரிந்துவிட்டு, மூன்றாம் நாள் போய், அந்த நிமிடக் கணக்குப் பிழையாக இருக்கலாம், மறுபடி அளக்கிறேன் என்றான். "நீதானே பக்கத்தில் நின்று அளந்தாய்?" என்றார் முசியே ஆந்த்ரே, ஆச்சரியத்தோடு. ஓம் என்றுதான் சொல்லவேண்டியிருந்தது. தெரிந்தே கூட்டி எழுதினேன் என்று சொல்லத் துணிவு வரவில்லை. வேலை போய்விடும் என்ற பயமும் இருந்தது, அதை மறைப்பானேன். வெளியாளோடு பேச்சு முடிந்துவிட்டது என்று முதலாளி சொன்னதும், சொல்லாமல் விட்டதற்கு ஒரு சாட்டுக் கிடைத்தது மாதிரி இருந்தது. அந்த ஆறுதலை நினைத்தால்தான் அவனுக்கு இன்றைக்கும் வெட்கம் கூட.

2007இல் உயிர்த்த ஞாயிறு கழிந்து மேசையை மூடினார்கள். கேக் வெட்டினார்கள், நல்ல கடிதம் கொடுத்தார்கள். அக்னெஸ் அக்கா பற்றீஸ் பொரித்துக்கொண்டு வந்து எல்லோருக்கும் கொடுத்தார், ஜெனாட்டுக்கு இரண்டு கூட. "நீ யோசியாத தம்பி, மெஷின் வந்தா மனுசர் என்ன செய்யிறது" என்று அவனைத் தேற்றிவிட்டுப் போனார். அவன் கழிப்பறைக்குள் போய் அழுதான்.

பெட்டி நன்றாக விற்றது. ஜெனாட்டுக்கு ஜன்னல் வைத்த அறை கிடைத்தது. அக்கா துறைமுகப் பக்கம் ஒரு சாமான் கிடங்கில் வேலை எடுத்தார். கொள்கலனில் வந்து இறங்கும் பெட்டிகளை உடைத்துப் பிரித்து அடுக்குகிற வேலை. நாள்முழுக்க நிற்கவேண்டும், குளிர்காலத்தில் கதவு திறந்தபடியே இருக்கும். யோசெப்பின் அலுவலகங்களில் கூட்டித் துடைத்தாள். ஜெனாட் பூசைக்குப் பிந்திப் போய், கடைசி வாங்குப்பலகையில் உட்கார்ந்து, முந்தி வெளியே வரப் பழகினான். கோயில் முற்றத்தில் அக்காவின் சிவப்புக் கோட்டைக் கண்டால் மற்றப் பக்கத்தால் காருக்குப் போவான். மனைவியிடமும் சொல்லவில்லை. கடைக்குப் போனால் இப்போதெல்லாம் முதலில் கண்ட சாமானை எடுத்துக்கொண்டு வந்துவிடுவான்; மனிசனுக்கு வயது போகிறது என்று மனைவி நினைத்துக்கொண்டாள்.

ஒன்றரை வருடம் இப்படி ஒளித்துத் திரிந்தவனுக்கு ஒருநாள் தாங்கமுடியாமல் போனது. சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தான். அக்கா திட்டட்டும், முகத்தில் காறித் துப்பட்டும், அதற்குப் பிறகாவது நிமிர்ந்து நடக்கலாம். 2008 இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து கோயிலுக்குக் கீழே உள்ள மண்டபத்தில் தேத்தண்ணியும் ரோல்ஸும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவனே தேடிப் போனான். அக்கா முன்னரைவிட மெலிந்திருந்தார். தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். ஒரு கையால் பிடிக்க ஏலாதாம்.

"அக்கா, உங்களோட ஒண்டு கதைக்கவேணும்."

"எங்கை தம்பி உன்னைக் காணவே கிடைக்குதில்லை!" அக்காவின் முகம் மலர்ந்தது. "நல்லதாப் போச்சு. எனக்கும் உன்னட்ட ஒண்டு கேக்கவேணும். பெரிய பெரிய ஆக்களோட திரியிறனீ எண்டு கேக்காமலே விட்டிட்டன். முதல் நான் கேக்கட்டே?"

"கேளுங்கோ அக்கா."

அக்கா கோப்பையை மேசையில் வைத்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அண்டைக்கு நீ மணிக்கூட்டோட வந்து நேரம் பாத்தனீயெல்லே? நாங்கள் உனக்காக வடிவாச் செய்யவேணும் எண்டு கொஞ்சம் ஆறுதலாத்தான் செய்தனாங்கள். எங்கட வழமையான கெதியில செய்யேல்லை. பேந்து யோசெப்பின் சொன்னாள், அந்த நேரக் கணக்கை வைச்சுத்தான் மேசையை மூடினவங்களாம் எண்டு. அவள் அந்தச் சாமானைக் கழட்டிக் கழட்டிப் பூட்டினவள். தன்னாலதான் எண்டு இண்டைவரைக்கும் அழுகிறாள். எனக்கும் படுத்தா நித்திரையில்லை. நான்தானே அவளவையைச் சொல்லி ஆறுதலாச் செய்வித்தது? நீ கணக்குத் தெரிஞ்சவன். உண்மையைச் சொல்லு. நாங்கள் கெதியாச் செய்திருந்தா, மேசை இருந்திருக்குமோ?"

ஜெனாட் அவரைப் பார்த்தான். கொண்டுவந்த வார்த்தை முழுவதும் வாய்வரை வந்து நின்றது. நீங்கள் ஆறுதலாகச் செய்வது தெரிந்தும் நான் எழுதினேன் என்று சொன்னால், ஆறுதலாகச் செய்ததால்தான் போனது என்றும் சொன்னதாகிவிடும். தன் பாரத்தை இறக்கப் பார்த்தால் அது நேரே அக்காவின் தலையில்தான் விழும். இந்த ஜென்மத்தில் இந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கிற வழியும் அடைபட்டுவிட்டது என்று அவனுக்கு அப்போதுதான் விளங்கியது.

"இல்லை அக்கா" என்றான். "எவ்வளவு கெதியாச் செய்திருந்தாலும் மூடித்தான் இருப்பாங்கள். நேரத்தால ஒண்டும் மாறியிராது."

"உண்மையாவோ?"

"உண்மையா."

அக்கா கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டார். ஒரு பெரிய மூச்சு வந்தது. பிறகு மண்டபத்தின் மற்ற மூலையைப் பார்த்துக் கூப்பிட்டார். "யோசெப்பின், இஞ்சை ஓடிவா! தம்பி சொல்லுறார், எங்களால இல்லையாம். வா, நீயே கேள்."

யோசெப்பின் ரோல்ஸைக் கையில் பிடித்தபடியே ஓடிவந்து முன்னால் நின்றாள். இரண்டு பேரும் அவன் முகத்தையே பார்த்தார்கள். ஜெனாட் அதை இன்னொரு தடவை, முதல் தடவையைவிடத் தெளிவாகச் சொன்னான். யோசெப்பின் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "கடவுள் உங்களை நல்லா வைச்சிருப்பார் அண்ணை" என்றாள்.

அவள் போன பிறகு அக்கா தேத்தண்ணியை மறுபடி எடுத்தார்.

"நீ என்னவோ கதைக்கவேணும் எண்டனீ?"

"ஒண்டுமில்லை அக்கா" என்றான் ஜெனாட். "சும்மா, சுகம் விசாரிக்கத்தான் வந்தனான்."